நாலு பேர் ஓட்டும் பழைய ஸ்லொட் கார் மிசின்: நாலும் சேர்ந்து ஓடினால் இழுக்கிறது

கேள்வி: வெள்ளவத்தை ரெக்

வணக்கம். கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு கடை முகப்பில் வைப்பதற்காக, காசு போட்டு நாலு பேர் ஓட்டும் பழைய ஸ்லொட் கார் மிசின் ஒன்றைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். பலகையில் வெட்டிய ஸ்லொட் என்ற பள்ளத்தைப் பிடித்துச் சிறிய மின் கார்கள் ஓடும் விளையாட்டு அது. அமெரிக்க மிசின். உள்ளே ரான்ஸ்போமரில் 115 வோல்ற், 60 சைக்கிள் (ஹேர்ட்ஸ்) என்று இருக்கிறது. கம்பனிப் பெயர்த் தகடு இல்லை. மேலே கண்ணாடி மூடி, கீழே நாலு லேன், ஒரு சுற்று ஏறக்குறைய 7 மீற்றர். கார்கள் 1/24 அளவு. கைபிடி ட்ரிகர் வகை. 230 இலிருந்து 110 ஆக்கும் 200 விஏ ரான்ஸ்போமர் ஒன்றில் ஓட்டுகிறேன்.

இப்போது உள்ள குறைகள்:

1. தனிக் கார் நன்றாக ஓடுகிறது. நாலும் சேர்ந்தால் எல்லாம் மந்தம். ஒன்று ஸ்லொட்டை விட்டு வெளியே பாய்ந்தால் மற்ற மூன்றும் திடீரென்று வேகமெடுத்து அடுத்த வளைவில் அவையும் பாய்கின்றன.
2. வெளி லேனில், காசுப் பெட்டிக்கு எதிர்ப்பக்க நேர்ப்பாதையில் கார் விட்டு விட்டு ஓடுகிறது.
3. இரண்டாம் லேன் கைபிடி சுடுகிறது, ட்ரிகரை விட்டாலும் பிரேக் பிடிக்கவில்லை.
4. சுற்று எண்ணும் கவுண்டர் சிலவேளை ஒரு சுற்றுக்கு இரண்டு விழுத்துகிறது.
5. ஒரு ஆட்டம் 60 செக்கன் என்று எழுதியிருக்கிறது. ஆனால் அதைவிடக் கூட ஓடுகிறது.

கார் இல்லாமல் லேன்களில் டிசி 12.4 வோல்ற் காட்டுகிறது. ஆகவே சப்ளை சரி என்று நினைக்கிறேன். கூடுமானவரை பழைய பாகங்களை வைத்தே ஓட்ட விருப்பம். எங்கிருந்து தொடங்கலாம்?

பதில் 1: கொட்டாஞ்சேனை ரிலே

தம்பி, 12.4 என்பது சும்மா நிற்கும்போது வரும் அளவு. அதை வைத்து சப்ளை சரி என்று சொல்ல முடியாது. சுமை கொடுத்து அளக்க வேண்டும்.

பஞ்சிகாவத்தையில் 12 வோல்ற் 21 வாற் சிக்னல் பல்ப் நாலும் ஹோல்டரும் வாங்குங்கள். ஒரு பல்ப் 1.75 அம்பியர் இழுக்கும், ஏறக்குறைய ஓடுகிற ஒரு காரின் சுமை. முதலில் ஒரு லேனில் ஒரு பல்ப் போட்டு டிசி அளவுங்கள். பிறகு நாலு லேனிலும் போட்டு அளவுங்கள். இரண்டு நிலையிலும் ரெக்ரிஃபையருக்கு (ஏசியை டிசியாக்கும் பாகம்) முன்னால் வரும் ஏசியையும் அளந்து எழுதுங்கள். ஏசி விழாமல் டிசி மட்டும் விழுந்தால் ரெக்ரிஃபையர் போய்விட்டது. ஏசியும் சேர்ந்து விழுந்தால் 110 ரான்ஸ்போமர் சிறிது, அல்லது ஏதோ ஒரு இணைப்பு தளர்ந்திருக்கிறது.

என் சந்தேகம் ரெக்ரிஃபையரில்தான். அந்தக் கால மிசின்களில் செலீனியம் ரெக்ரிஃபையர் வரும். சதுரத் தகடுகளை ஒரு போல்ட்டில் இடைவெளி விட்டுக் கோத்த மாதிரி இருக்கும். வயதாக ஆக அதன் உள் தடை கூடும். ஒரு கார் ஓடும்போது தெரியாது, நாலு ஓடும்போது வோல்ற் படுத்துவிடும். உங்கள் முதல் குறைக்கு அது அப்படியே பொருந்துகிறது. முற்றாகச் சுட்டுப்போனால் அழுகிய நாற்றம் வரும், புகை நச்சு. நாற்றம் வந்தால் உடனே பிளக்கைக் கழற்றி, கதவு யன்னலைத் திறந்துவிடுங்கள்.

மாற்றுவதென்றால் அதே வேலையைச் செய்யும் கேபிபிசி 3510 சிலிக்கன் பிரிட்ஜ் ஒன்று போதும், புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் எடுக்கலாம். சூட்டைக் கடத்தும் ஹீற் சிங்க் பசை பூசி ஒரு அலுமினியத் தகட்டில் இறுக்குங்கள். பழைய செலீனியத்தைக் கழற்ற வேண்டாம். வயரை மட்டும் எடுத்துவிட்டு இருந்த இடத்திலேயே விடுங்கள், மிசினின் தோற்றம் கெடாது.

பலர் கெடுக்கிற இடம் அடுத்தது. பிரிட்ஜ் போட்ட கையோடு, "டிசி சுத்தமாக வரட்டும்" என்று பெரிய கப்பாசிட்டர் ஒன்றையும் போட்டுவிடுவார்கள். போடாதீர்கள். இந்த மிசின்கள் கப்பாசிட்டர் இல்லாத, துடிக்கிற டிசிக்கே அமைத்தவை. மீற்றர் காட்டும் 12.4 அதன் சராசரி, உச்சி 19 வோல்ற்றுக்கு மேல். கப்பாசிட்டர் அந்த உச்சியில் பிடித்துக்கொள்ளும். கார் ஒவ்வொரு வளைவிலும் கண்ணாடியில் அடிக்கும்.

ஐந்தாவது குறை குறையே இல்லை. ஆட்ட நேரத்தை எடுப்பது சிங்ரனஸ் மோட்டர், அது ஓடுவது வோல்ற்றில் இல்லை, சைக்கிளில். 60 சைக்கிளுக்குச் செய்ததை எங்கள் 50 இல் ஓட்டினால் ஆறில் ஐந்து பங்கு வேகம்தான், 60 செக்கன் 72 ஆகும். ஆட்டக்காரருக்கு 12 செக்கன் லாபம். விட்டுவிடலாம். கட்டாயம் 60 வேண்டுமென்றால் அந்த மோட்டரை மட்டும் அதே அச்சு வேகமுள்ள 50 சைக்கிள் மோட்டராக மாற்றுங்கள், அது சுற்றும் கேமை (சுவிட்சைத் தட்டும் மேடுள்ள சக்கரம்) தொட வேண்டாம்.

ஆனால் அதே 50 சைக்கிள் ரான்ஸ்போமரை நோகச் செய்யும். 115 வோல்ற் 60 சைக்கிளுக்குச் சுற்றிய இரும்பு, 50 சைக்கிளில் 96 வோல்ற்றில்தான் அதே நிலையில் இருக்கும். 110 கொடுத்தால் உறுமும், தொட முடியாமல் சுடும். ஜப்பானில் பாவித்த சாமான்களுக்கென்று 230 இலிருந்து 100 ஆக்கும் ரான்ஸ்போமர் கொழும்பில் தாராளமாகக் கிடைக்கும். அதில் 300 விஏ எடுங்கள். லேன் வோல்ற் கொஞ்சம் குறையும், சிலிக்கன் பிரிட்ஜ் அதில் பெரும்பகுதியைத் திருப்பித் தரும்.

கடைசியாக எர்த். பழைய அமெரிக்க மிசினில் இரண்டு வயர்தான் வரும். மூன்று வயர் கேபிள் இழுத்து, காசுக் கதவு, இரும்புச் சட்டகம், ரான்ஸ்போமர் உடல் மூன்றையும் எர்த்தில் சேருங்கள். 13 அம்பியர் பிளக்குக்குள் 3 அம்பியர் பியூஸ் போடுங்கள். கடை முகப்பில் பிள்ளைகள் தொடுகிற இரும்பு, இதை முடிக்காமல் ஓட்டக் கூடாது.

பதில் 2: பலகைக்காரன்

ரிலே அண்ணை சப்ளையைச் சொல்லிவிட்டார், நான் பாதையைச் சொல்கிறேன்.

வெளி லேனில் குறை காருடையதா பாதையுடையதா என்று முதலில் பிரியுங்கள். அந்தக் காரை உள் லேனில் ஓட்டுங்கள், உள் லேன் காரை வெளியில் விடுங்கள். குறை காரோடு போனால் கைட்டில் (காரின் அடியில் ஸ்லொட்டுக்குள் போகும் நாக்கு) உள்ள, பாதையிலிருந்து மின் எடுக்கும் பின்னல். அதே இடத்தில் நின்றால் பாதை.

பாதை என்றால் அதே 21 வாற் பல்பின் இரண்டு முனையையும் அந்த லேனின் இரண்டு பட்டியில் (ஸ்லொட்டின் இரு பக்கமும் ஒட்டிய, மின் போகும் செம்புப் பின்னல்) வைத்து, மீற்றரையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு சுற்று முழுக்க நகர்த்துங்கள். வயர் ஏறும் இடத்தில் 11 இருந்து எதிர்ப்பக்கத்தில் மெதுவாக 9 ஆகிறதென்றால் பட்டியே தூரத்துக்குத் தின்கிறது. ஒரு மூட்டைத் தாண்டியதும் சட்டென்று விழுந்தால் அந்த மூட்டில் ஈயம் விட்டுப்போயிருக்கிறது. இரண்டும் வேறு வேறு வேலை.

முதலாவதற்கு எதிர்ப்பக்கத்தில் இன்னொரு ஊட்டு வயர் போட வேண்டும். 2.5 சதுர மில்லிமீற்றர் நெகிழ் வயர், பலகைக்குக் கீழால். 7 மீற்றர்ப் பாதைக்கு இரண்டு இடத்தில் ஊட்டினால் போதும். இரண்டு பட்டிக்கும் போடுங்கள். பிளஸ்ஸுக்கு மட்டும் போட்டுவிட்டு மைனஸை மறப்பது வழக்கம், பாதித் திருத்தம்தான் கிடைக்கும். பக்கம் மாறிவிடாமலும் பாருங்கள், மாறினால் நேராக சோர்ட். இரண்டாவதற்கு மூட்டைச் சுரண்டி, ஃபிளக்ஸ் தடவி, 60 வாற்றுக்குக் குறையாத அயனில் சட்டென்று ஈயம் பிடியுங்கள். சிறிய அயனை வைத்துக்கொண்டு நெடுநேரம் சூடாக்கினால் அடியில் உள்ள பசை உருகிப் பட்டி எழும்பும்.

வெள்ளவத்தை என்பதால் உப்புக் காற்றைச் சொல்லியே ஆக வேண்டும். பட்டி கறுத்திருந்தால் மண்தாள் போடாதீர்கள். வெள்ளீயப் பூச்சு போய்ச் செம்பு வெளியே வரும், அந்தச் செம்பு கடற்காற்றில் விரைவாகப் பச்சை பிடிக்கும். ஐசோபுரோப்பைல் அல்ககோல் நனைத்த துணியால் ஓடும் திசையில் இழுங்கள், துணி கறுக்காமல் வரும்வரை. பிறகு பஞ்சில் மிக மெல்லிய எண்ணெய் தொட்டு ஒரு இழுப்பு, உடனே உலர்ந்த துணியால் துடைப்பு. எண்ணெய் கூடினால் ரயரில் ஏறி, கார் வளைவில் வழுக்கும்.

பட்டி எழும்பிய இடங்களில் பழைய பசையை முழுக்க எடுத்துவிட்டு, செருப்புத் தைப்பவர்கள் பாவிக்கும் கொன்ராக்ட் பசையை இரண்டு பக்கமும் தடவி, தொட்டால் ஒட்டாத பதத்துக்குக் காயவிட்டு அழுத்துங்கள். ஈரமாக ஒட்டினால் பின்னலுக்குள் பசை ஏறி, மேலே மின் தொடாது. பட்டி பலகை மட்டத்துக்கு மிகச் சற்றுக் கீழே, அரை மில்லிமீற்றருக்குள் இருக்க வேண்டும். மேலே நின்றால் காரின் பித்தளைச் சட்டம் இரண்டு பட்டியையும் தொட்டு சோர்ட் ஆகும். ஆழம் கூடினால் கைட் பின்னல் எட்டாமல் நீங்கள் சொன்ன மாதிரி விட்டு விட்டு ஓடும். இரும்பு அடிமட்டத்தைக் குறுக்கே வைத்து, வெளிச்சத்தைப் பின்னால் பிடித்துப் பார்த்தால் தெரியும்.

ஸ்லொட்டையும் பாருங்கள். 1/8 அங்குலம், அதாவது 3.2 மில்லிமீற்றர். அதே அளவு ட்ரில் பிட்டின் வழுவழுப்பான தண்டைச் செருகிச் சுற்று முழுக்க ஓட்டுங்கள். இறுகுகிற இடத்தில் பலகை ஈரம் குடித்து வீங்கியிருக்கிறது. உடனே அரத்தை எடுக்க வேண்டாம். மூடியைத் திறந்து, பெட்டிக்குள் 40 வாற் குண்டு பல்ப் ஒன்றை இரண்டு மூன்று நாள் எரியவிட்டுக் காய வையுங்கள். காய்ந்ததும் தானாக விரிந்துவிடும் இடங்கள் பல. விரியாத இடத்தை மட்டும் உரசி, திறந்த மரத்துக்கு பொலியூரித்தேன் வார்னிஷ் இரண்டு பூச்சு, அடிப்பக்கத்துக்கும் சேர்த்து. மேலே மட்டும் பூசினால் பலகை கிண்ணம் மாதிரி வளையும்.

கைட்டுக்குப் பின்னல் கிடைக்காவிட்டால் ஈயம் உறிஞ்சும் செம்புப் பின்னலை வெட்டிப் போடலாம். ஃபிளக்ஸை அல்ககோலில் கழுவிவிட்டுப் போடுங்கள், இல்லாவிட்டால் பட்டியில் பிசின் படியும்.

பதில் 3: கைபிடி

இரண்டாம் லேன் கைபிடியைப் பற்றி.

உள்ளே ஒரு கம்பிச் சுருள் தடை, ட்ரிகரோடு அதன் மேல் ஓடும் ஒரு உலோகக் கை, கீழே ஓய்வு நிலையில் கை போய்த் தொடும் பிரேக் முனை. வயர் மூன்று. அமெரிக்க வழக்கப்படி வெள்ளை சப்ளை பிளஸ், கறுப்பு லேன் பட்டி, சிவப்பு பிரேக். ட்ரிகரை விட்டதும் கறுப்பும் சிவப்பும் சேர்ந்து, லேனின் இரண்டு பட்டியும் ஒன்றாகின்றன. ஓடுகிற மோட்டர் அந்தக் கணம் டைனமோவாகி, தன் மின்னே தன்னை நிறுத்தும். அதுதான் பிரேக், வேறு எந்தப் பொறியும் இல்லை.

மூன்று வயரையும் கழற்றி, ட்ரிகரைத் தொடாமல் கறுப்புக்கும் சிவப்புக்கும் இடையில் அளவுங்கள். 1 ஓமுக்குக் குறைவாக வர வேண்டும். திறந்திருந்தால், அதாவது தொடர்பே காட்டாவிட்டால், பிரேக் முனை கறுத்திருக்கும், அல்லது மீள்கிற ஸ்பிரிங் தளர்ந்து கை முழுக்கக் கீழே போகாமல் நிற்கும். உங்கள் கைபிடி சுடுவதும் அதனால்தான் என்று நினைக்கிறேன்: கை சுருளின் முதல் கம்பிகளிலேயே நின்றால், யாரும் ட்ரிகரைப் பிடிக்காமலே மின் ஓடிக்கொண்டிருக்கும். கார் ஸ்லொட்டில் அசையாமல் மெல்ல முனகுகிறதா என்று காது வைத்துப் பாருங்கள். 15 ஓம் சுருளும் 3 ஓம் மோட்டரும் என்றால் 12 வோல்ற்றில் 0.67 அம்பியர், சுருளில் மட்டும் ஏறக்குறைய 7 வாற் சூடு. மூடிய கைபிடிக்குள் அது பிடிப்பவரின் கையைச் சுடும். ஸ்பிரிங்கை மாற்றி, முனையை மெல்லிய பொலிஷ் அரத்தால் இரண்டு இழுப்பு, அல்ககோல் துடைப்பு.

திரும்பப் பூட்டும்போது வெள்ளையும் சிவப்பும் மாறினால் ட்ரிகரை விட்டால் கார் முழு வேகத்தில் ஓடும், பிடித்தால் நிற்கும். அப்படி ஓடினால் வயர் மாறியது என்று உடனே தெரிந்துகொள்ளுங்கள்.

புதுக் கைபிடி வாங்க வேண்டி வந்தால் ஓம் பார்த்து வாங்குங்கள். 1/24 கார்களுக்குப் பொதுவாக 15 முதல் 25, 1/32 கார்களுக்கு 35 முதல் 45, மிகச் சிறிய எச்ஓ கார்களுக்கு 60 முதல் 90. ஓம் கூடினால் ட்ரிகர் பாதி வரை ஒன்றும் நடக்காமல் பிறகு பாயும். குறைந்தால் தொட்டவுடன் பாயும். நாலு லேனுக்கும் ஒரே ஓம் இருப்பது முக்கியம், இல்லாவிட்டால் அது போட்டியே இல்லை.

மோட்டர் புஷ்ஷுக்கு (அச்சைத் தாங்கும் வளையம்) ஊசி முனையில் ஒரு துளி எண்ணெய். கொம்யூட்டேற்றரில் (கார்பன் பிரஷ் தொடும் செம்பு உருளை) படக் கூடாது, பட்டால் கார்பன் தூளோடு சேர்ந்து பசையாகி மின்னைக் கடத்தும். சும்மா சுழலும்போது வேகம் கூடியும், பாதையில் இழுக்கும்போது பலம் குறைந்தும், தொட்டால் கொதித்தும் இருக்கிற மோட்டரின் காந்தம் சோர்ந்துவிட்டது. பிரஷ் மாற்றிப் பிரயோசனம் இல்லை.

பதில் 4: முதலாம் குறுக்குத் தெரு

இரட்டை எண்ணிக்கைக்கு: சுற்று முடியும் கோட்டில் பட்டியில் ஒரு துண்டு தனியாக வெட்டிப் பிரித்திருக்கிறதா, அல்லது ஸ்லொட்டுக்குள் ஒரு நெம்பு சுவிட்ச் இருக்கிறதா? எதுவாக இருந்தாலும் காரணம் ஒன்றே. கார் கடக்கும்போது தொடுகை ஒரு தரம் விட்டுப் பிடிக்கிறது, கவுண்டர் அதை இரண்டாக எடுக்கிறது. முதலில் கைட் பின்னலைப் புதிதாக்கி, ரிலே (மின்காந்தச் சுவிட்ச்) முனைகளைத் துடைத்துப் பாருங்கள். பெரும்பாலும் அதோடு போய்விடும்.

போகாவிட்டால் 555 என்ற நேரம் எடுக்கும் ஐசி ஒன்றால், ஒரு தரம் எண்ணிய பின் சிறிது நேரம் காதைப் பொத்தவைக்கலாம். நேரம் 1.1 பெருக்கல் ஆர் பெருக்கல் சி. 100 கிலோ ஓமும் 10 மைக்ரோஃபரட்டும் போட்டால் 1.1 செக்கன். உங்கள் 7 மீற்றர்ப் பாதையில் அடுத்த சுற்று அதற்குள் வராது. ஐசியின் வெளி முனையில் நேராகக் கவுண்டர் கொயிலைப் பூட்டாமல் ஒரு சிறிய ரிலே வழியாகப் பூட்டுங்கள். அந்த ரிலே கொயிலுக்குக் குறுக்கே 1என்4007 டையோட் (மின்னை ஒரு திசையில் மட்டும் விடும் பாகம்) ஒன்று, கோடு போட்ட முனை பிளஸ் பக்கம். மிசினின் பழைய கொயில்களுக்கு அதைப் போடுமுன் அவை ஏசியா டிசியா என்று அளந்து பாருங்கள். ஏசி கொயிலில் டையோட் போட்டால் அரைவாசி அலைக்கு அது சோர்ட், பியூஸ் போகும்.

சப்ளையில் எனக்கு வேறு கருத்து. லேனுக்கு ஒன்றாக 12 வோல்ற் 10 அம்பியர் எஸ்எம்பிஎஸ் (சுமை மாறினாலும் ஒரே வோல்ற் தரும் இலத்திரனியல் சப்ளை) நாலு போட்டு, மைனஸ்களை ஒன்றாக்கினால் ஒரு காரின் சுமை இன்னொன்றைத் தொடாது. பழைய ரான்ஸ்போமர் விளக்குக்கும் ரிலேக்கும் மட்டும் இருக்கட்டும். 5 அம்பியர் வாங்காதீர்கள், மோட்டர் கிளம்பும் இழுவைக்கு அது வெட்டி வெட்டி வரும்.

வெள்ளவத்தை ரெக்

எல்லாருக்கும் நன்றி. பல்ப் போட்டு அளந்தேன், இன்னும் 110 இல்தான். ஒரு பல்ப்: டிசி 11.1, ஏசி 13.7. நாலு பல்ப்: டிசி 7.3, ஏசி 13.1. சதுரத் தகட்டு ரெக்ரிஃபையர்தான், கை வைக்க முடியாத சூடு. இரண்டாம் கைபிடியில் கறுப்புக்கும் சிவப்புக்கும் இடையில் 6 ஓம். வெளி லேனில் ஒரு மூட்டில் சட்டென்று விழுகிறது. கவுண்டருக்குப் பட்டித் துண்டு வெட்டியிருக்கிறது. எஸ்எம்பிஎஸ் போடுவதா பிரிட்ஜ் போடுவதா?

பதில் 5: கொட்டாஞ்சேனை ரிலே

பிரிட்ஜ். உங்கள் அளவே சொல்கிறது. 13.1 ஏசி வந்தால் துடிக்கிற டிசி 11.8 வர வேண்டும். 7.3 தான் வருகிறது, 4.5 வோல்ற் அந்தத் தகடுகளிலேயே போகிறது. அம்பியரோடு பெருக்கினால் 20 வாற்றுக்கு மேல் சூடு. சிலிக்கன் பிரிட்ஜில் 1.5 வோல்ற் அளவுதான் போகும்.

100 வோல்ற் ரான்ஸ்போமருக்கு மாறினால் ஒரு காருக்கு ஏறக்குறைய 9.8, நாலுக்கும் 9 க்கு மேல் வரும். தனிக் காரின் உச்ச வேகம் கொஞ்சம் குறையும், ஆனால் மூவர் வெளியே பாய்ந்தாலும் மிஞ்சியவருக்கு முக்கால் வோல்ற்தான் ஏறும். இப்போது அப்படி நாலு வோல்ற்றுக்குக் கிட்ட ஏறுகிறது, ஒருவர் பாய்ந்தாலே அதில் ஒரு பங்கு ஏறி மற்றவர்களையும் தூக்கி எறிகிறது. அந்த முக்கால் வோல்ற்றும் பிடிக்காவிட்டால் குறுக்குத் தெருத் தம்பி சொன்ன எஸ்எம்பிஎஸ் வழி எப்போதும் திறந்திருக்கிறது, அவர் கணக்கில் பிழை இல்லை. ஆனால் இந்த மிசினைப் பழையபடி ஓட்ட வேண்டுமென்றால் ஒரு பிரிட்ஜோடு நிற்கலாம்.

பிரிட்ஜ் போட்ட பின் ஒரு வேலை கட்டாயம். சோர்ட் ஆனால் செலீனியம் தன் தடையால் மின்னை ஓரளவு மட்டுப்படுத்திக்கொண்டிருந்தது, சிலிக்கன் அப்படிச் செய்யாது. லேனுக்கு ஒன்றாக 3 அம்பியர் பியூஸ் நாலு, பிரிட்ஜ் பிளஸ்ஸுக்கும் கைபிடி வெள்ளை வயருக்கும் இடையில். ஹோல்டர்களைக் காசுக் கதவுக்குப் பின்னால் வையுங்கள், கடைக்காரரே மாற்றலாம். கார் பட்டியின் குறுக்கே கிடந்து 3 அம்பியர் எரிந்தால் இன்னொரு 3 போடச் சொல்லுங்கள், 10 போட்டால் அடுத்து எரிவது கைபிடிச் சுருள்.

வேலை ஒழுங்கு: எர்த், பிரிட்ஜ், பியூஸ், பிறகு அந்த மூட்டு. 555 ஐ இப்போது வாங்க வேண்டாம், பின்னல் மாற்றிய பிறகும் இரட்டையாக எண்ணினால் பார்க்கலாம்.

பதில் 6: கைபிடி

6 ஓம் என்றால் கை சுருளில் நிற்கவில்லை, பிரேக் முனையைத் தொடுகிறது, முனை கறுத்துத்தான் போயிருக்கிறது. சுருளில் நின்றிருந்தால் கறுப்பும் சிவப்பும் திறந்தே காட்டும். துடைத்தால் 1 க்குக் கீழ் வந்துவிடும், பிரேக்கும் பிடிக்கும். சூட்டுக்கு வேறு காரணம் தேடுங்கள்: அந்த லேன் காரைக் கையில் எடுத்துப் பின் சக்கரத்தைச் சுழற்றிப் பாருங்கள். கியர் இறுகியிருந்தால் மோட்டர் கூட இழுக்கும், சூடு கைபிடியில் தெரியும். பினியனுக்கும் (மோட்டர் அச்சின் சிறு பற்சக்கரம்) கியருக்கும் இடையில் ஒரு பத்திரிகைத் தாள் துண்டைக் கடிக்கவிட்டு அந்த இடைவெளியில் மோட்டரை இறுக்கிவிட்டுத் தாளை உருவுங்கள்.